கணனிக்குள் ஒரு மிருதங்கம்

சென்ற ஆண்டின் மாரிக்காலத்தில் ஓரிரவு, வேலை முடிந்து வீடு திரும்பிய நாம் வாசலிலேயே நின்றுவிட்டோம். உள்ளே யாரோ மிருதங்கம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எமது நகரில் மிருதங்கம் வாசிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களுள் எவர் இந்நேரத்தில் எம் வீடு தேடி வந்தார் என்ற வியப்போடு சப்பாத்தைக் கழற்றினோம். ஆயினும் சிறிது நேரம் செல்லுமுன்பே ஏதோ உறுத்தியது. 'தா' என்ற சொல் நூறு முறை விழுந்தது. நூறு முறையும் அது ஒரே 'தா'. அறைக்குள் எட்டிப் பார்த்தோம். அங்கே வித்துவானும் இல்லை, மிருதங்கமும் இல்லை. எமது மகன் கணனியின் முன் தனியே அமர்ந்திருந்தான்.

காரணம் பின்னர் தெரிந்தது. எம் துணைவியாரின் தங்கை மகளுக்கு அரங்கேற்றம். பத்து ஆண்டுகள் பயின்ற பிள்ளை. தந்தை வெதுப்பகமொன்றில் இரவுவேலை. தாய் விமான நிலையத்தில் துப்புரவுவேலை. மண்டப வாடகை, உடை, ஒப்பனை, விருந்து என்று கணக்குப் பார்த்தபோதே அவர்களுக்கு மூச்சு முட்டிவிட்டது. இலண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ பக்கவாத்தியக் கலைஞர்களை அழைப்பதென்றால் பயணச் செலவு, தங்குமிடம், சன்மானம் எல்லாம் வேறு. "பாட்டை ஒருவரைக்கொண்டு பாடிப் பதிவு செய்வம்; மிருதங்கத்தைத் தம்பி கணனியிலை செய்து தரட்டும்" என்று முடிவு செய்திருந்தார்கள். மகன் மறுக்கவில்லை. அவன் இந்நகரில் பிறந்து வளர்ந்தவன். பகலில் படிப்பும் இரவில் கணனி இசையுமாக இருப்பவன்.

ஊரில் தமிழும் வரலாறும் கற்பித்த எமக்கு இந்தத் துறை புதிது. ஆனால் புரியாததைப் புரிந்துகொள்ளாமல் கண்டிப்பது ஆசிரியத் தொழிலுக்கு அழகல்ல. ஆகவே அன்றிரவே அவனருகில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு மாணவனாக அமர்ந்தோம்.

இயந்திரம் மேளம் வாசிக்கத் தொடங்கியது இன்று நேற்றல்ல. 1980 ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரோஜர் லின் என்பவர், மெய்யான மேளங்களின் ஒலியைப் பதிவு செய்து சில்லுகளில் அடைத்த முதல் இயந்திரத்தை வெளியிட்டார். அக்காலத்தில் நினைவகச் சில்லுகளின் விலை மிக அதிகம். ஆதலால் நீண்டு ஒலிக்கும் பெரிய தாளத்தட்டுகளுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. அதே ஆண்டில் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட மற்றோர் இயந்திரம் எந்த மேளத்தையும் பதிவு செய்யவில்லை. மின்சுற்றுகளாலேயே ஒலியை உண்டாக்கியது. மெய்யான மேளம் போல் இல்லையென்று பலர் அதனை ஒதுக்கினர். பின்னர் அந்தப் பொய்யான ஒலியையே விரும்பி ஒரு தலைமுறை ஆடியது என்பது வேறு கதை. 1983 இல் வெவ்வேறு நிறுவனங்களின் இசைக்கருவிகள் தம்முள் பேசிக்கொள்வதற்கென 'மிடி' என்னும் பொதுமொழி வகுக்கப்பட்டது. எந்தச் சொல், எந்த நேரத்தில், எவ்வளவு வலுவில் என்பதை அம்மொழி எண்களாக எழுதி வைக்கும். வலுவுக்கு 1 முதல் 127 வரை எண்கள் உண்டு.

தமிழர்களாகிய எமக்கும் இது அந்நியமானதன்று. 1986 இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணனி இசையைக் கையாண்டதும், 1992 இல் 'ரோஜா' வழியாக ஏ. ஆர். ரஹ்மான் அந்த ஒலியை எம் வீடுகள்தோறும் கொண்டுவந்ததும் வாசகர் அறிந்தவையே.

எம்மைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. உலகெங்கும் இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் மென்பொருள்களிற் பல நாம் தஞ்சம் புகுந்த இந்த நாட்டிலேயே பிறந்தவை. ஸ்ரைன்பேர்க் நிறுவனம் 1984 இல் ஹம்பேர்க்கில் தொடங்கியது. நேற்றிவ் இன்ஸ்றுமென்ற்ஸ் 1996 இலும், ஏபிள்ரன் 1999 இலும் பேர்லினில் தோன்றின. எமது பிராங்பேர்ட்டோ மின்னணு நடன இசையின் தொட்டில்களுள் தானும் ஒன்று என்று பெருமை பேசும் நகரம். 2022 இல் நகரின் நடுவே, ஹௌப்ற்வாஹேயில், அவ்விசைக்கென ஓர் அருங்காட்சியகமே திறந்தார்கள். பல்லாண்டுகளாக வசந்தகாலந்தோறும் இங்கு நடைபெற்ற இசைக்கருவிச் சந்தை 2019 இல் கடைசியாகக் கண்காட்சி மண்டபங்களில் கூடியது. அந்த மண்டபங்களில் மாலை வேளைகளில் தும்புத்தடி பிடித்தவர்களுள் நாமும் ஒருவர். மக்கள் கலைந்த பின், பளபளக்கும் மேளங்களுக்கும் விசைப்பலகைகளுக்கும் இடையே கூட்டிக்கொண்டு போகையில் ஒன்றைக்கூட விரலால் தொட்டுப் பார்க்கத் துணிந்ததில்லை. இன்று எம் மகன் அவற்றின் உள்ளே இருப்பதையெல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கிறான். அந்த மகிழ்ச்சியை மறைப்பதற்கில்லை.

ஆயினும் மிருதங்கம் அவனுக்கு வசப்படவில்லை. விலைகொடுத்து வாங்கிய ஒலித்தொகுப்பு ஒன்றை வைத்து அவன் ஒரு மாதம் முயன்றான். கேட்பவர் எவரும் முதற் கணத்தில் மயங்குவர், மறுகணத்தில் தெளிந்துவிடுவர்.

ஏன் அப்படி என்று தேடியபோது சேர். சி. வி. இராமனின் ஆய்வு எம் கண்ணிற்பட்டது. சாதாரண மேளமொன்றின் தோலைத் தட்டினால் பல அதிர்வுகள் எழும். அவை ஒன்றுக்கொன்று முழுவெண் விகிதத்தில் அமையாதவை. ஆகவே அதில் ஓசை உண்டு, சுருதி தெளிவாக இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே பூசப்படும் கரிய கரணை இந்த நிலையை மாற்றிவிடுகிறது. தோலின் ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து சுரங்களாகத் திரண்டு, வீணைத் தந்தியில் எழுவன போன்று 1, 2, 3, 4, 5 என்னும் விகிதத்தில் ஒழுங்குபெறுகின்றன. 1920 இல் இராமன் இதனைச் சுருக்கமாக வெளியிட்டார். 1934 இல் விரிவாக எழுதினார். நோபல் பரிசு பெற்ற அறிஞர் ஒருவர் தலைவணங்கி ஆராய்ந்த கருவி அது. சோறும் இரும்புத்தூளும் சேர்த்துக் குழைத்துப் பூசிய எம் முன்னோர் எந்தச் சமன்பாட்டையும் எழுதி வைக்கவில்லை, காதால் அளந்தார்கள்.

மிருதங்கத்தைக் கணனிக்குள் கொண்டுவருவதன் கடினமும் இங்கேயே இருக்கிறது. 'நம்' என்னும்போது மோதிரவிரல் தோலை மெல்லத் தொட்டிருக்க, சுட்டுவிரல் விளிம்பில் விழுகிறது. அந்த மெல்லிய தொடுகை சில அதிர்வுகளை அடக்கிச் சிலவற்றை வாழவிடுகிறது. சாப்பில் வேறு அதிர்வுகள் எழுகின்றன. இடக்கையால் எழும் 'தொம்' அடங்குமுன் வலக்கையின் சொல் அதன்மேல் ஏறுகிறது. ஒரு தோல் அதிர்ந்தால் உள்ளிருக்கும் காற்றின் வழியே மறு தோலும் அதிர்கிறது. ஒவ்வொரு சொல்லும் முன்னைய சொல்லின் எச்சத்தோடு கலந்தே பிறக்கிறது. தனித்தனியே வெட்டி அடுக்கிய ஒலிகளில் இந்த உறவு இல்லை.

பிழை எங்கே என்று கேட்டறிய மகனை அழைத்துக்கொண்டு நாம் ஒரு மிருதங்க வித்துவானிடம் சென்றோம். இணுவிலில் குருகுலமாகக் கற்றவர். ஊரில் கோயில்தோறும் வாசித்தவர். இங்கே இருபது ஆண்டுகளுக்கு மேலாக உணவகச் சமையலறையில் சட்டி கழுவினார். வார இறுதிகளில் எம் பிள்ளைகளின் அரங்கேற்றங்களுக்கு வாசித்தார். சுடுநீரும் குளிர்நீரும் மாறிமாறிப் பட்ட விரல்கள் சில ஆண்டுகளாக வீங்கி நோகின்றன. இரண்டரை மணிநேரம் மேடையில் அமர்ந்து வாசிக்க இயலாது. அழைப்பவர்களும் குறைந்தார்கள், பின்னர் அழைப்பே இல்லை. அழைக்காதவர்களுள் நாமும் அடக்கம் என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

மகன் தன் கணனியைத் திறந்து தான் செய்ததைப் போட்டுக் காட்டினான். வித்துவான் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"தம்பி, கணக்குச் சரி. ஆனா இவருக்குக் கை இல்லை."

அவருடைய கையின் சொற்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்ய விரும்புவதாக மகன் சொன்னபோது அவர் முகம் மாறியது.

"என்ரை கையை வெட்டிப் பெட்டிக்குள்ளை வைக்கப் போறியளோ? நாளைக்கு ஒருத்தரும் என்ரை வீட்டுக்கு வரத் தேவையில்லை, என்ன?"

எமக்கு நா எழவில்லை. மகன் ஏதோ சொல்ல வாயெடுத்து அடங்கினான். "சுருதிப்பெட்டி மின்சாரத்துக்கு மாறினபோது ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே" என்று வீட்டிற்கு வரும் வழியில், தொடருந்தில் வைத்து எம்மிடம் கேட்டான். அவனுடைய கேள்வியிலும் நியாயம் இருந்தது. தமிழகத்தின் எத்தனையோ கோயில்களில் பூசை வேளையில் மின்விசையால் மேளமும் மணியும் ஒலிக்கும் பெட்டிகள் வந்துவிட்டன. அப்பெட்டி ஒலிக்கும் இடத்தில் முன்னர் மனிதர் ஒருவர் நின்றார்; அவர் எங்கே போனார் என்று எவரும் கேட்பதில்லை. வித்துவானின் கோபம் அந்த மனிதருடைய கோபம்.

மறுபக்கமும் ஒன்றுண்டு. எம் மண் ஈன்ற தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி 1933 இல் பிறந்து 1975 இல் மறைந்தார். ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்னும் பிராங்பேர்ட்டில் ஒரு குடியிருப்பின் ஐந்தாம் மாடியிலிருந்து அவருடைய வாசிப்பைக் கேட்டு நாம் கண் கலங்குகிறோம் என்றால், அது ஒலிப்பதிவு என்ற இயந்திர வித்தையினால் அன்றோ? அவருக்கு முன் வாழ்ந்த எத்தனையோ விரல்கள் ஒரு நொடிகூடப் பதிவாகாமல் மண்ணோடு போயின.

இரண்டு வாரங்கள் கழித்து வித்துவானே தொலைபேசியில் அழைத்தார். "மாஸ்ரர், யோசிச்சுப் பாத்தன். உங்கடை மகன் கேட்டது வாசிப்பை இல்லை, எழுத்தை. எழுத்தைக் குடுக்கலாம். ஆனா எனக்கு ஒரு நிபந்தனை. அவர் முதல்லை வாயாலை சொல்லப் பழக வேணும்."

மகன் உடன்பட்டான். ஞாயிறுதோறும் சென்று தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, தா, தீ, தொம், நம் என்று குழந்தைபோல் சொல்லத் தொடங்கினான். ஆறு வாரங்கள் அவர் அவனை மிருதங்கத்தைத் தொடவே விடவில்லை.

பதிவு அவருடைய வரவேற்பறையிலேயே நடைபெற்றது. சுவர்களில் போர்வைகளைத் தொங்கவிட்டோம். குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தினோம். கீழ்வீட்டு ஜேர்மனிய மூதாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி, இரவு பத்து மணிக்குள் முடித்துவிடுவதாக வாக்களித்தோம். வெப்பமூட்டியின் வறண்ட காற்றில் தோல் இறுகிச் சுருதி ஏறிக்கொண்டேயிருந்தது. வித்துவான் அரைமணிக்கொரு தடவை கல்லால் தட்டிச் சுருதியைச் சரிசெய்தார். தொப்பிக்கு ரவையைக் குழைத்துப் பூசினார். பதினைந்து சொற்கள், ஒவ்வொன்றும் ஐந்து வலுவில், ஒவ்வொரு வலுவிலும் ஆறு தடவை. ஆக 450 ஒலிகள். விரல் நோகுமென்பதால் இதனை நான்கு மாலைகளாகப் பிரித்துக்கொண்டோம்.

ஒரே வலுவில் ஏன் ஆறு தடவை என்று நாம் கேட்டோம். மகன் விளக்கினான். ஒரே பதிவை வேகமாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் உயிரற்ற ஓர் ஓசை வரும். அந்தக் குறைக்கு இத்துறையினர் வைத்திருக்கும் பெயர் 'இயந்திரத் துப்பாக்கி'. அதனைத் தவிர்க்கவே ஆறு பதிவுகளையும் மாறிமாறி ஒலிக்கச் செய்ய வேண்டும். அப்பெயரைச் சொல்லும்போது அவன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவன் அந்த ஓசையைக் கேட்டவன் அல்லன். வித்துவானும் நாமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், எதுவும் பேசவில்லை.

அடுத்த சிக்கல் காலப்பிரமாணம். கணனி ஒவ்வொரு சொல்லையும் கட்டம் போட்ட தாளில் வைப்பதுபோல் மிகச் சரியான இடத்தில் வைக்கிறது. மனிதக் கை அப்படி வைப்பதில்லை. ஆகவே மென்பொருளில் சொற்களைச் சிறிது முன்பின்னாகச் சிதறவிடும் வசதியொன்று உண்டு. மகன் அதனை இயக்கினான். கேட்ட வித்துவான் சிரித்துவிட்டார்.

"இது கள்ளுக்குடிச்ச ஆள் வாசிக்கிற மாதிரிக் கிடக்கு. பிழை விடுறது வேறை, விட்டுக்குடுக்கிறது வேறை. பாடுற ஆள் மூச்செடுத்தா நான் பொறுப்பன். பிள்ளை பாய்ஞ்சு வந்து காலை ஊண்டினா அந்த அடியிலை நானும் விழுவன். சும்மா சிதறினா அது தாளமோ?"

நாம் முப்பது ஆண்டுகள் தேடியும் கண்டிராத விளக்கம் அது. மனிதத்தன்மை என்பது தவறிழைப்பதன்று. இன்னொருவருக்காகத் தன் அடியைச் சற்றே தாமதிப்பதும் விரைவுபடுத்துவதுமாகும். அதன் பின்னர் மகன் வேறுவழியிற் சென்றான். பிள்ளையின் ஒத்திகையை நிகழ்படமாக எடுத்து வித்துவானின் முன் வைத்தான். அவர் நோகாத விரல்களால் மேசைவிளிம்பில் தட்டியபடி அதனைப் பார்த்தார். அவர் எங்கே பொறுத்தார், எங்கே முந்தினார் என்பதைக் குறித்துக்கொண்டு, கணனியிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் கையால் நகர்த்தினான். வர்ணம் ஒன்றுக்கு மட்டும் மூன்று வாரங்கள் சென்றன.

அரங்கேற்றம் கிறீஸ்ஹைம் பகுதியிலுள்ள ஒரு மண்டபத்தில் நடைபெற்றது. அலாரிப்புக்கு மட்டும் வித்துவானே மேடையேறி வாசித்தார், சில நிமிடங்கள்தான். பின்னர் இறங்கிவந்து முன்வரிசையில் அமர்ந்தார். ஏனையவற்றுக்குக் கணனி ஒலித்தது. எமக்குப் பின்னால் இருந்த ஒருவர், "மிருதங்கக்காரர் திரைக்குப் பின்னாலையோ இருக்கிறார்?" என்று வினவினார். மகன் தலைகுனிந்து புன்னகைத்தான்.

வர்ணத்தின் நடுவே அந்தப் பிள்ளையின் சலங்கைக் கட்டொன்று நெகிழ்ந்தது. ஒரு கணம் அவள் கவனம் காலுக்குச் சென்றது, அடி தவறியது. மேடையில் மனிதர் ஒருவர் வாசித்திருந்தால் அந்த இடத்தை ஓர் ஆவர்த்தனம் நிரப்பி அவளுக்காகக் காத்திருப்பார். கணனி காத்திருக்கவில்லை. ஆசிரியை தாளத்தால் இழுத்துப் பிடிக்க முயன்றார்; பதிவோ முன்னே ஓடியது. பிள்ளையின் கண்கள் கலங்கி அலைவதை நாம் கண்டோம். அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. வித்துவான் வீங்கிய விரல்களால் தம் தொடையில் ஓங்கித் தாளமிட்டு, அடுத்த எடுப்பின் சொற்களை வாய்விட்டுச் சொன்னார். பிள்ளை அவரைப் பார்த்தாள். அடுத்த சமத்தில் அவள் கால் சரியாக விழுந்தது. மண்டபத்தில் பெரும்பாலானோர் எதையும் கவனிக்கவில்லை.

அன்றிரவு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கையில் மகன் எம்மிடம் வந்தான். "அப்பா, என்னாலை அந்தக் காத்திருக்கிறதை மட்டும் செய்ய ஏலாது" என்றான். எந்தத் தேர்வுப் பெறுபேறும் எமக்கு அளித்திராத நிறைவை அந்த வாக்கியம் அளித்தது.

இப்போது ஞாயிறுதோறும் வித்துவானின் வீட்டிற்கு மகனோடு இன்னும் நான்கு பிள்ளைகள் செல்கிறார்கள். அவருடைய 450 சொற்களும் அப்பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்வதற்கு உதவுகின்றன. அவர் வாயால் சொல்கிறார், அவர்கள் கையால் வாசிக்கிறார்கள், நோகாத நாள்களில் அவரும் ஒரு கை வைக்கிறார். சென்ற மாதம் அவருக்கு வலக்கையில் சத்திரசிகிச்சை நடந்தது. இனி முன்போல் வாசிக்க முடியுமோ என்பது தெரியவில்லை. "நல்ல காலம், எழுத்தைக் குடுத்திட்டன்" என்று கட்டுப்போட்ட கையைக் காட்டிச் சிரித்தார்.

வாசகர்களுக்கு எமது வேண்டுகோள் இதுவே. உங்கள் நகரிலும் ஒரு தவிற்காரர், ஒரு உடுக்குக்காரர், ஒரு கூத்து அண்ணாவியார் எங்கோ ஓர் அடுக்குமாடியில், பகலில் வேறு வேலை செய்துகொண்டு வாழ்ந்திருப்பார். உங்கள் பிள்ளையிடம் கணனியும் ஆர்வமும் இருக்கும். இருவரையும் ஓர் அறையில் அமர்த்துங்கள். பதிவு செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள். ஆனால் பதிவு கிடைத்துவிட்டது என்பதற்காக அந்த மனிதரின் வாசற்கதவைத் தட்டுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.